எனக்கு ஓம், அவவைக் கேளுங்கோ

சிட்னியின் பிளாக்டவுனில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஓம் அங்கிள் என்றால் சின்னப் பிள்ளைகூட அடையாளம் சொல்லும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் எல்லோருமே ஆமாம் என்பதற்கு ஓம் என்பவர்கள்தான். ஆனால் மற்றவர்கள் நடுநடுவே இல்லை என்றும் சொல்வார்கள். இவர் விமானம் ஏறும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் பெட்டியில் வைக்க மறந்துவிட்டார் என்று நாங்கள் கேலி செய்வோம். கேலி செய்தால் அதற்கும் ஓம் என்று சிரிப்பார்.

நான் விருதுநகர்க்காரி. கணவரும் நானும் பிளாக்டவுனில் மளிகைக்கடை நடத்துகிறோம். கணவர் சிரித்துப் பேசுவார், நான் கல்லாவில் உட்காருவேன். தக்காளியை அமுக்கிப் பார்க்கிறவர்களுக்கு, கீரைக்கட்டைப் பிரித்துப் பாதி கேட்கிறவர்களுக்கு, கடை வாசலில் நோட்டீஸ் ஒட்ட வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்வதுதான் என் தொழிலில் பாதி. அதனால் இப்படி ஒரு மனிதர் இந்த உலகத்தில் பிழைத்துக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமைதோறும் பின்பக்கம் திறந்த பழைய யூட் வண்டியில் காய்கறி கொண்டுவருவார். கத்தரி, பாகல், வெண்டை, வாசமான கொத்தமல்லி, கோடையில் முருங்கைக்காய். ஒரு வியாழக்கிழமை வண்டியைக் காணோம். ரயிலில் வந்து இறங்கி, இடுப்பில் குழந்தையைத் தூக்கிவருவதுபோல ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். யாரோ வீடு மாறுவதற்கு யூட்டைக் கேட்டார்களாம். யார் என்று கேட்டேன். அந்தப் பையனின் பெயர் தெரியாது, நல்ல பிள்ளை என்றார். வீட்டுக் கதவைத் தட்டி மின்சாரக் கம்பெனியை மாற்றச் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் சம்மதித்துவிடுவார். ஒரு கம்பெனிக்காரன் வந்து மாற்றிப் போனபின், முதலில் இருந்த கம்பெனிக்காரன் வந்து திரும்ப மாற்றிக்கொண்டு போவான். கோயிலில் இரண்டு கோஷ்டி சண்டை போட்டுக்கொண்டபோது இரண்டு பக்கத்துப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. இரண்டு கோஷ்டிக்கும் அவர்மேல் கோபமில்லை என்பதுதான் அதிசயம்.

அவருக்கு பிளாக்டவுனுக்கு வடமேற்கே கொஞ்சம் காணி இருந்தது. அவர்கள் வாங்கிய காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் குதிரைக் கொட்டில்களும் கோழிப்பண்ணைகளும்தான். தொழிற்சாலையில் கணவனும் மனைவியுமாக வேலை செய்து சேர்த்து வாங்கிய நிலம். யாரும் விரும்பாத அமைப்பு அதற்கு. ரோட்டை ஒட்டி முன்பக்கம் முழுக்கக் காடு. கரிய பட்டை பிளந்த அயர்ன்பார்க் மரங்கள், கீழே முழங்கால் உயரப் புல். அதற்குள் ஒரு மண்பாதை வளைந்து போகும். பாதை முடிகிற இடத்தில் வீடும் காய்கறித் தோட்டமும், அதற்குப் பின்னால் ஓடை. காட்டைத் தாண்டாமல் தோட்டத்துக்குப் போக முடியாது. பிற்காலத்தில் எல்லாம் இந்த அமைப்பில்தான் வந்து நின்றது என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

அவ்வளவு ஓம் சொல்லியும் அந்தக் காணி எப்படி அவரிடம் மிஞ்சியது என்று முதல்முறை அங்கே போனபோது தெரிந்துகொண்டேன். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்பே ஒருவர் வந்திருந்தார். முன்பக்கத்தில் கொஞ்சம் மரத்தை வெட்டினால் தன்னுடைய லாரிகளை நிறுத்திக்கொள்ளலாம், வாடகை தருகிறேன் என்றார். அங்கிள் மலர்ந்த முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு வலது கைக் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினார்.

"எனக்கென்ன, எனக்கு ஓம். அவவை ஒருக்காக் கேளுங்கோ."

விரல் காட்டிய பக்கம் குசினி ஜன்னல், சமையலறையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குள்ளிருந்து, வந்தவர் கேட்பதற்கு முன்பே பதில் வந்தது.

"ஏலாது."

அவ்வளவுதான். காரணம் கிடையாது, மன்னிப்பு கிடையாது, ஆள்கூட வெளியே வரவில்லை. அங்கிளின் முகத்தில் ஓர் ஆறுதல் பரவியதை நான் பார்த்தேன். லாரிக்காரருக்குச் சர்க்கரை தூக்கலாகத் தேநீரும், போகும்போது ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் கிடைத்தன. அவரும் சந்தோஷமாகத்தான் போனார். இப்படி நல்ல பெயர் எல்லாம் அங்கிளுக்கு, கெட்ட பெயர் எல்லாம் அவர் மனைவி அன்ரிக்கு என்று அந்த வீட்டில் ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அன்ரி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த நிமிஷமே எனக்கு அன்ரியைப் பிடித்துப்போயிற்று. ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவோம்.

அன்ரி ஊருக்கு மட்டும் இல்லை சொன்னவர் அல்ல. வாங்கின புதிதில் அங்கிளே காட்டை அழித்து மிளகாய் போட ஆசைப்பட்டிருக்கிறார். புல்டோசர்காரன் வாசல்வரை வந்துவிட்டான். அங்கிள் வழக்கம்போலக் கட்டைவிரலைக் காட்டினாராம். அன்றைக்கு மட்டும் அன்ரி குசினியை விட்டு வெளியே வந்து பாதையில் நின்றிருக்கிறார். இதை அன்ரி ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் சொன்னார். ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஊரில எங்கட வீட்டையும் வளவையும் ஆமிக்காரன் புல்டோசர் விட்டுத் தரையாக்கினவன், பிள்ளை. அதே மிஷினை நான் காசு குடுத்துக் கூப்பிடமாட்டன்."

கீரையை ஆய்ந்து முடித்தோம்.

அங்கிளின் ஓம்களால் வந்தவர்களில் ஒருத்தியைத்தான் அன்ரி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் ஒரு வெள்ளைக்காரப் பெண், இயற்கைப் பாதுகாப்புக்கான அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. இந்தக் காட்டில் பறவைகளைக் கணக்கெடுக்கலாமா என்று கேட்டு வந்தாள். அங்கிள் கட்டைவிரலைக் காட்டினார். குசினிக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை. பிறகு தேநீர் வந்தது. அன்றிலிருந்து வருஷாவருஷம் வசந்தத்தில் பைனாகுலரோடு வருவாள். அன்ரிக்குப் பெரிய அயர்ன்பார்க் மரத்தடியில் ஒரு பழைய கதிரை உண்டு. பின்னேரங்களில் அங்கேதான் இருப்பார். அந்தப் பெண்ணும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். இவருக்கு அவள் பேச்சு பாதி புரியாது, அவளுக்கு இவர் பேச்சு முழுவதுமே புரியாது. ஆனாலும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அன்ரி சட்டென்று போய்விட்டார். வியாதி என்று தெரிந்ததும் தெரியாததுமாக முடிந்துவிட்டது. மெல்போர்னில் ட்ருகனினாவில் இருக்கும் ஒரே மகள் வந்து, காரியங்களை முடித்துவிட்டு, வேலைக்கு லீவு இல்லாமல் திரும்பிப் போனாள். அந்தக் காணியில் அங்கிளும் அவருடைய ஓமும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஊருக்கு மோப்பம் பிடிக்க அதிக நாள் ஆகவில்லை. யாரோ வீடு கட்டத் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து முன்பக்கத்தில் கொட்டினார்கள், கேட்டுவிட்டுத்தான் கொட்டினார்கள். பையன்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் வந்து கிளைகளை ஒடித்துத் தோரணம் கட்டினார்கள். ஒரு வியாழக்கிழமை நான் போனபோது மரங்களுக்கு நடுவே ஒரு படகு நின்றது. ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். யாருடைய படகு என்று அவருக்கும் தெரியவில்லை. யாரோ நிறுத்தலாமா என்று கேட்டார்கள் என்றார். சொல்லிவிட்டு, பழக்கத்தில் கட்டைவிரலைப் பின்னால் தூக்கினார். ஜன்னல் சாத்தியிருந்தது. கையை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கப் படகுக்காரனை வாயில் வந்தபடி திட்டினேன்.

அதற்குள் புது வீடுகளின் கூரைகள் பக்கத்து வேலிவரை வந்துவிட்டன. குதிரைகளும் கோழிகளும் போன இடம் தெரியவில்லை. நிலத் தரகர்கள் காரில் வந்து கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஆங்கிலத்தில் பேசுகிறவர்களை அங்கிள் எப்படியோ சமாளித்தார், பாஷை தெரியாததுபோல் இருந்துவிடுவார். ஆபத்து தமிழில் வந்தது. கோயம்புத்தூர்க்காரப் பையன், தரகு வேலை, இனிமையான பேச்சு. அவனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அவன் வேலையை அவன் பார்த்தான். வாரம் ஒருமுறை வந்து அங்கிளின் கால்வலியை விசாரித்தான், மருந்து வாங்கிக் கொடுத்தான். தைப்பொங்கலன்று ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் பழம், இனிப்பு, வேட்டி, வெற்றிலை பாக்கு எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து நீட்டினான். வாங்கவே மாட்டேன் என்று சொல்ல அங்கிளால் முடியுமா? வாங்கிவிட்டார்.

மறுநாள் எனக்கு விஷயம் தெரிந்ததும் போனில் பிடித்தேன். காணி கேட்கிறவன் வெற்றிலை பாக்கோடு தட்டு கொடுத்தால் என்ன அர்த்தம், உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். ஓம் என்றார். சொன்னதைச் செய்தும்விட்டார். ஆனால் வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நம்மில் யாருக்குத்தான் உண்டு? பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூட ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுக்கிறோம். அவர் தட்டு நிறையக் கத்தரிக்காயும் வாழைப்பூவும் அடுக்கி, மேலே தன் தோட்டத்து வெற்றிலையையும் வைத்து, யூட்டை எடுத்துக்கொண்டு தரகர் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பையனின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். பூரித்துப்போய் இரண்டு கையாலும் தட்டை வாங்கி, குங்குமம் கொடுத்து அனுப்பினாராம்.

சனிக்கிழமை கடைக்கு வந்த முதல் வாடிக்கையாளரே எனக்குச் செய்தி சொன்னார். ஓம் அங்கிள் காணி முடிந்துவிட்டதாமே, தட்டு மாற்றிக்கொண்டார்களாமே என்று. நிச்சயதார்த்தமே முடிந்த மாதிரி ஊரெல்லாம் பேச்சு. தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது, கல்லாவில் ஆள் நின்றதால் அடித்துக்கொள்ளவில்லை.

சட்டப்படி கத்தரிக்காய்த் தட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது வேறு. தட்டு மாற்றியபின் பின்வாங்குவது பெண் வீட்டை அவமானப்படுத்துவதற்குச் சமம் என்று வளர்ந்தவர் அவர். வியாழக்கிழமை வந்தபோது முகம் சுண்டிப்போய் இருந்தது. நானே அந்தப் பையனிடம் போய்ப் பேசினேன். அவர் விற்கப்போவதில்லை என்று தெளிவாகச் சொன்னேன்.

"அக்கா, நீங்க சொன்னா எப்படி? அங்கிள் என்கிட்ட ஒரு தடவைகூட வேண்டாம்னு சொல்லலையே. அவரே வந்து சொல்லட்டும், நான் விட்டுடறேன்."

நியாயமான பேச்சு. அவர் வாயால் இல்லை என்ற ஒரு சொல் வரவேண்டும், அதற்கு இந்த ஜென்மம் போதாது. அந்த ஒரு சொல் வராவிட்டால் காடு போய்விடும், காடு போனால் தோட்டமும் போய்விடும். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

வசந்தத்தில் பறவைக்காரப் பெண் வந்தாள். அன்ரியின் கதிரை இருந்த இடத்தில் மண் குவியலையும் படகையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாளாம். அங்கிள் அவளைக் கடைக்கு அழைத்துவந்து எனக்கு முன்னால் உட்காரவைத்தார். அவள் சொன்னதை நான் அவருக்குத் தமிழில் சொன்னேன். காட்டை என்றென்றைக்கும் காடாகவே விடுவது என்று நிலத்துக்காரர் அரசாங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அது காணிப் பத்திரத்திலேயே ஏறிவிடும். நாளைக்கு யார் வாங்கினாலும், யார் கைக்குப் போனாலும் வெட்டமுடியாது, வீடு கட்டமுடியாது. பராமரிப்பதற்கு அரசாங்கமே வருஷாவருஷம் பணம் தரும். களை பிடுங்கவேண்டும், வேலியைப் பார்த்துக்கொள்ளவேண்டும். தோட்டமும் வீடும் அவர் பாட்டுக்கு இருக்கலாம்.

நான் உடனே, என் வரிப்பணத்திலிருந்தா என்று கேட்டேன். ஆமாம் என்றாள் அந்தப் பெண். வரி கட்டும்போதெல்லாம் வயிறு எரிகிறவள் நான். அன்றைக்கு எரியவில்லை.

அங்கிள் கல்லா மேசையில் விரலால் காணியைக் கோடிட்டுப் பார்த்தார். முன்பக்கம் காடு கட்டுப்பட்டுவிட்டால் அதற்குள் புது ரோடு போடமுடியாது, ரோடு இல்லாமல் பின்பக்கத் தோட்டத்தை மட்டும் யாரும் வாங்க வரமாட்டார்கள், சரிதானே என்று கேட்டார். எனக்கே அது தோன்றவில்லை. ஓம் சொல்கிற மனிதருக்கு யோசிக்கத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

வேலைகள் மெதுவாகத்தான் நடந்தன. வக்கீலிடம் போகச் சொன்னார்கள், மகளிடம் சொல்லச் சொன்னார்கள். வக்கீலைப் பார்த்துவிட்டு யூட்டில் திரும்பும்போது அவராகவே பேசினார்.

"வாற ஆக்களுக்கு நான் பயப்பிடேல்லைத் தங்கச்சி. நீங்கள் இருக்கிறியள், துரத்திவிடுவியள். நாளைக்கு என்ரை பிள்ளை கேட்டா? 'அப்பா, வித்துத் தாங்கோ' எண்டு அவள் கேட்டா நான் ஓம் எண்டுதான் சொல்லுவன். அவள் கேக்க முதல் இதை முடிக்கவேணும்."

பெற்ற மகள் வாய் திறப்பதற்குள் ஓடிப்போய் ஒளிந்துகொள்கிற அப்பாவை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் கேட்டிருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. அவர் போனில் விஷயத்தைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு "It's your land, Appa," என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடுகிற அன்று குசினி மேசையில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் கடைசித் தடவையாகக் கேட்டாள். இது என்றென்றைக்கும், பிறகு மாற்றமுடியாது, முழு மனதோடுதான் செய்கிறீர்களா? அங்கிள் ஓம் என்றார். லாரிக்காரனுக்கும் ஓம், படகுக்காரனுக்கும் ஓம், மின்சாரக் கம்பெனிக்காரனுக்கும் ஓம் சொன்னவர் இவர். அரசாங்கத்துப் பெண் கேட்டதால் இந்த ஓமும் வந்திருந்தால்? ஒரு மனிதரின் சம்மதத்தை இதற்குமேல் எப்படிச் சோதிப்பது என்று தெரியாமல் நான் நேர்மாறாகக் கேட்டேன்.

"அங்கிள், எனக்காக இன்னைக்கு வேண்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாமே."

நான் எது கேட்டும் அவர் மறுத்ததில்லை. பேனாவைக் கீழே வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சாத்தியே கிடந்த குசினி ஜன்னலைப் பார்த்தார். எழுந்து போய் அதைத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இல்லைத் தங்கச்சி. இண்டைக்கே போடுவம்."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே இல்லை அதுதான். அதுவும் எனக்கு வாய்த்தது. பெருமையாக இருந்தது என்று சொன்னால் கணவர் இன்றைக்கும் சிரிக்கிறார்.

படகைப் பிறகு யாரோ வந்து எடுத்துப்போனார்கள், கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். மண் குவியல் போயிற்று. அங்கிள் காலையில் மண்வெட்டியோடு காட்டுக்குள் போய்க் களை பிடுங்குவார். இந்த ஊர்க் காடுகளைத் தின்கிற ஆப்பிரிக்க ஆலிவ் என்ற செடி, வேரோடு இழுத்தால்தான் சாகும். அதனிடம் மட்டும் அவர் கொஞ்சமும் தாட்சண்யம் காட்டவில்லை. காட்டைச் சும்மா விட்டுவைக்கச் சம்பளமாம் என்று கடையில் யாராவது இளக்காரம் பேசினால், ஒருநாள் போய் ஒரே ஒரு ஆலிவ் செடியைப் பிடுங்கிவிட்டு வந்து பேசுங்கள் என்பேன்.

தரகர் பையன் இன்னொரு தடவை வந்தான். அன்று நானும் வாசலில் இருந்தேன். ரோட்டோரப் படலைக் கதவில் அரசாங்கம் மாட்டிய சின்னப் பலகையைப் பார்த்தபடியே உள்ளே வந்திருக்கிறான். இருந்தாலும் ஆசை விடவில்லை. தோட்டத்தையாவது பேசலாமா, ரோட்டுக்குக் கொஞ்சம் மரம் எடுக்க அனுமதி கேட்கலாமே என்றான். அங்கிளின் முகம் பழையபடி மலர்ந்தது. அப்படி மலர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வலது கைக் கட்டைவிரல் எழுந்தது. இந்தத் தடவை குசினிப் பக்கம் போகவில்லை, பலகையும் மரங்களும் இருந்த பக்கம் போயிற்று.

"எனக்கென்ன தம்பி, எனக்கு ஓம். அவவைக் கேளுங்கோ."

பையன் திரும்பிக் காட்டைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். தேநீர் குடித்தான். போகும்போது ஒரு பை கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனான். அவன் அம்மாவுக்கு அந்தக் கத்தரிக்காய் ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

மகள் கடைசியில் ஒன்று கேட்டாள். காணியைக் கேட்கவில்லை. அப்பா, தனியாக இருக்கவேண்டாம், என்னோடு வந்துவிடுங்கள் என்றாள். அதற்கு எந்தப் பலகையும் பதில் சொல்லாது. ஓம் என்றுவிட்டார். போகாதீர்கள் அங்கிள் என்று நானும் கேட்டேன். எனக்கும் ஓம் என்றார். இரண்டு ஓமையும் வைத்துக்கொண்டு என்ன செய்தாரோ, ஒரு வாரம் கழித்து விமானம் ஏறினார். தோட்டத்தை ஓர் இளம் குடும்பம் குத்தகைக்குக் கேட்டது, கொடுத்தார். அதற்கு நானே குறுக்கே நிற்கவில்லை. அவர்கள்தான் இப்போது வியாழக்கிழமைகளில் வருகிறார்கள். கத்தரி அதே கத்தரிதான், எனக்குத்தான் ருசி குறைவாகத் தெரிகிறது.

ட்ருகனினாவில் கிடங்குகளுக்கும் புது வீடுகளுக்கும் நடுவில் அவருக்குப் பொழுது போகாது என்று நினைத்தேன். தெருவில் எல்லோருடைய குப்பைத் தொட்டியையும் அவர்தான் உள்ளே இழுத்துவைக்கிறாராம். யார் கேட்டார்கள் என்றால், எல்லாரும்தான் என்றார் போனில். போன குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். வியாபார நேரத்தில் கடையைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

காரியம் எல்லாம் முடிந்தபின் மகள் காணியைப் பார்க்க வந்தாள். அப்பாவின் சிரிப்பு அப்படியே அவளுக்கு. தோட்டத்து முருங்கையில் ஒரு தடி வெட்டி, ஈரத்துணி சுற்றிக் கையில் வைத்திருந்தாள். இரண்டு பேரும் பாதை வழியாகக் காட்டுக்குள் நடந்தோம். சுற்றிலும் வேலிக்கு அப்பால் கூரைகள், உள்ளே மட்டும் பறவைச் சத்தம். பெரிய அயர்ன்பார்க் மரத்தடிக்கு வந்ததும் நின்றாள். என்னையும் அவள் அன்ரி என்றுதான் கூப்பிடுவாள்.

"அன்ரி, அப்பாவுக்காக இதை இங்க, அம்மா கதிரை போட்டு இருக்கிற இடத்தில நடட்டே? ஒரே ஒரு தடிதான்."

அந்தக் காட்டில் அந்த மண்ணின் செடிகளைத் தவிர வேறெதையும் நடக்கூடாது. ஒப்பந்தத்தை வரிவரியாக அங்கிளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? கூடாது கண்ணு என்று சொல்லவேண்டியதுதான். ஆயுசெல்லாம் சொன்ன சொல். வாய்வரை வந்தது. அவள் தடியை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தச் சிரிப்போடு என்னையே பார்த்தாள். என்னால் சொல்லமுடியவில்லை. என் கை தானாக எழுந்தது. கட்டைவிரல் தோளுக்குப் பின்னால் போயிற்று.

"எனக்கென்னம்மா, எனக்கு ஓம். அவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

அவளுக்கு முகம் மாறிற்று. நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். மேலே ஏதோ ஒரு பறவை கத்திவிட்டு நிறுத்தியது. குசினியிலிருந்து பதில் வருவதற்குக் காத்திருக்கிறவள்போல அசையாமல் நின்றாள். பிறகு கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"ஏலாதாம், அன்ரி."

முருங்கைத் தடியைத் திரும்பக் கொண்டுபோய் வீட்டோடு ஒட்டி, குசினி ஜன்னலுக்குக் கீழே நட்டோம்.